பதினொரு பை நெல்

கொழும்பில் நடக்கவிருந்த சர்வதேச மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை தெரிவாகிவிட்டது என்று 2009 ஆகஸ்ட் நடுவில் சார்மெயினுக்கு மின்னஞ்சல் வந்தது. உயிரியல் தொழில்நுட்பமும் நிலைபேறும் என்பது மாநாட்டின் பொருள். பதினான்கு நாடுகளிலிருந்து வருகிறார்கள் என்று போட்டிருந்தது. பேசப் பன்னிரண்டு நிமிடம், கேள்விக்கு ஐந்து நிமிடம். யுத்தம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொழும்பில் ஒரு மண்டபம் நிறைய வெளிநாட்டார் கூடப்போகிறார்கள் என்பதே அப்போது புதினமாக இருந்தது.

சார்மெயினுக்கு வயது முப்பத்திரண்டு. கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விரிவுரையாளராக இருந்தாள். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. பிறந்தது மட்டக்களப்பு டச்பாரில், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பமொன்றில். 2004 டிசம்பரில் நத்தாருக்கு மறுநாள் காலை அவளும் அம்மா எடித்தும் பட்டணத்தில் முதல் பூசைக்குப் போயிருந்தார்கள். பப்பா பேசில் அடுத்த பூசைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. மூன்றாம் நாள் அவரை வாவிக் கரையில் கண்டெடுத்தார்கள். வீடு நின்ற இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆறு மாதம் கழித்தும் அதன் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. சார்மெயின் உப்பைப் பற்றி ஆராயத் தொடங்கியது அந்தக் கிணற்றடியில்தான்.

வாவிக்கரைக் கண்ணாக் காடுகள் உப்புத் தண்ணீரில் நின்றபடியே வளர்கின்றன. அவற்றின் வேர் மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரை அவள் பிரித்தெடுத்தாள். அதை வளர்த்த திரவத்தில் விதைநெல்லை ஊறவைத்து விதைத்தால் உப்பு நிலத்திலும் பயிர் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி. பார்க்க வயல் வேண்டும். வாவிக்கு மேற்கே பழுகாமத்தில், சுனாமிக்குப் பின் உப்பு ஏறிப்போன தாழ்ந்த வயல்வட்டையொன்றில், யோகராசாவும் அவர் மனைவி சீதேவிப்பிள்ளையும் இடம் கொடுத்தார்கள். வரம்பு போட்டுச் சின்னச் சின்ன வயல் துண்டுகளாகப் பன்னிரண்டு வரவைகள் கட்டினார்கள். ஆறில் திரவத்தில் ஊறிய நெல், ஆறில் வெறும் நெல். கலங்கலாக இருந்த அந்தத் திரவத்துக்குச் சீதேவிப்பிள்ளை முதல் நாளே 'கஞ்சி' என்று பெயர் வைத்துவிட்டாள். பிறகு சார்மெயினும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்.

வருடத்துக்கு ஒன்றாக நான்கு பெரும்போகங்கள் விதைத்தார்கள். அட்டவணையில் மூன்றுக்குத்தான் இலக்கங்கள் இருந்தன. இரண்டாவது வரிசை, 2006-2007, வெறுமையாகக் கிடந்தது. 2007 பெப்ரவரியில் யுத்தத்தால் பாதைகள் பூட்டப்பட்டன. மார்ச்சில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை முழுதும் செல் குண்டுகள் விழ, சனம் வாவியைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தது. தராசைத் தூக்கிக்கொண்டு சார்மெயின் போகவேண்டிய நேரத்தில் போகமுடியவில்லை. விளைச்சல் வயலோடு போனது என்றே அவள் நினைத்திருந்தாள்.

துறைத் தலைவர் கனகசிங்கம்தான் கட்டுரையின் இரண்டாவது ஆசிரியர். அச்செடுத்த அட்டவணையை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்த வரிசை வெறுமையா இருந்தா முதல் கேள்வியே அதுலதான் வரும் சார்மெயின். முதலாம் போகத்தையும் மூண்டாம் போகத்தையும் கூட்டி நடுவில வாறதப் போட்டுவிடும்."

"அது அளந்ததில்லையே சேர்."

"எல்லாரும் செய்யிறதுதான். அப்பிடி இல்லாட்டி, வரிசையையே எடுத்துப்போட்டு மூண்டு போகம் எண்டு சொல்லும். ஏன் வெட்டல்ல, சனம் எங்க போனது எண்டெல்லாம் கொழும்பில நிண்டு விளக்கம் குடுக்கப் போறீரா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தொண்ணூறாம் ஆண்டு அவருடைய தம்பியை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. கூட்டங்களில் எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்று அவர் பழகியிருந்தார். சார்மெயினுக்கும் அது தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மண் மாதிரி எடுக்க ஸ்கூட்டரில் பழுகாமம் போனாள். சிறுபோகம் வெட்டி வயல் காய்ந்து கிடந்தது. யோகராசா வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். சீதேவிப்பிள்ளை மண் அள்ளிய பைகளில் இலக்கம் எழுதினாள். நாற்பது வயதைத் தொட்டவள், எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து குண்டு குண்டாக, சார்மெயினுடைய எழுத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

"நம்மட வயலைப் பத்திக் கொழும்பில பேசப்போறன் அக்கா. வெளிநாட்டாக்களெல்லாம் வருவாங்க."

"நாலு வருசத்து வெள்ளாமையையும் சொல்லுவீங்களா மிஸ்?"

"மூண்டு. அந்த இடம்பெயர்ந்த வருசம் ஒண்டும் இல்லைதானே."

சீதேவிப்பிள்ளையின் பேனை நின்றது. வரம்பில் நின்ற புருசனை ஒருமுறை பார்த்தாள்.

"ஏன் இல்ல? வெட்டினதே."

"வெட்டினீங்களா?"

"பெரிய வயலை வெட்டக் கிடைக்கல்ல. உங்கட வரவைகள் முந்தி விளைஞ்சிட்டு. நீங்க வாற பாட்டைக் காணல்ல. இன்னும் நாலு நாள் விட்டா நெல்லெல்லாம் கொட்டுண்டிரும். அதால நானே வெட்டி, அடிச்சு, ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டு, பன்னிரண்டு சீலைப்பையில கட்டி வெச்சன். ஒவ்வொண்டிலயும் இலக்கம் எழுதின துணி கட்டினன். அடுத்த கிழமைதான் செல் வந்தது."

"அப்ப அந்த நெல்?"

"சாப்பிட்டிட்டம் மிஸ்."

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யோகராசா மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டுக் கிட்ட வந்தார்.

"நான்தான் பைகளைச் சைக்கிள்ள கட்டினன். பட்டிருப்புப் பாலத்துக்கிட்ட சன நெரிசல்ல ஒரு பை விழுந்திட்டு. திரும்பி எடுக்கேலாது. பள்ளிக்கூடமொண்டை முகாமாக்கி அங்க கொண்டுபோய் இருத்தினாங்க. ரெண்டு நாளாப் புள்ளைகளுக்குப் பாணும் தேத்தண்ணியும்தான். மூண்டாம் நாள், நெல்லைக் குத்திச் சோறாக்கு எண்டு சொன்னா இவள் மாட்டனெண்டிட்டாள்."

"மாட்டன் எண்டு சொல்லல்ல. அளந்துபோட்டுச் சமைக்கிறன் எண்டன்."

"புள்ளைகள் பாத்துக்கொண்டு நிக்க, பை பையா அவிழ்த்து அளந்துகொண்டு இருந்தாள். எனக்கு வந்த விசருக்கு, கண்டபடி ஏசிப்போட்டன். சனமெல்லாம் பாத்துச்சு."

"அளந்து தாறன் எண்டு மிஸ்ஸுக்குச் சொன்ன சொல்லு. அளக்காமச் சாப்பிட எனக்கு மனம் வரல்ல" என்றாள் சீதேவிப்பிள்ளை.

சார்மெயின் மண் பையைக் கீழே வைத்தாள். "அளந்ததை எழுதி வெச்சீங்களா அக்கா?"

சீதேவிப்பிள்ளை வீட்டுக்குள் போய்ப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். அதற்குள் முகாமில் கொடுத்த நிவாரண அட்டை இருந்தது. அட்டையின் பின்பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கங்கள். ஐந்தாம் இலக்கத்துக்கு எதிரே 'விழுந்தது' என்று எழுதியிருந்தது. மற்றப் பதினொன்றுக்கும் எதிரே டின் கணக்கு: கஞ்சி போட்ட வரவைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டரை, போடாதவற்றுக்கு ஆறரை, ஏழு, எட்டு என்ற மாதிரி. அளந்தது முகாமில் கொடுத்த பால்மா டின்னால். அந்த டின் இப்போதும் அடுப்படியில் அரிசி அளக்க இருந்தது.

"இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே. எங்களுக்கும் வெக்கம். ஆராய்ச்சிக்குக் குடுத்த நெல்லைத் திண்டுபோட்டம் எண்டு எப்பிடிச் சொல்லுற?"

 தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகு சார்மெயின், அந்த டின்னை ஒரு கிழமைக்குத் தரமுடியுமா என்று மட்டும் கேட்டாள். அதோடு, அன்று அளந்த மாதிரியே ஒரு தரம் அளந்து காட்டச் சொன்னாள். சீதேவிப்பிள்ளை டின்னை நெல்லால் நிரப்பி, தட்டாமல் குலுக்காமல், அகப்பைக் காம்பால் வாயை வழித்துவிட்டாள்.

ஆய்வுகூடத்தில் அதே இன நெல்லை அதே டின்னில் அதே மாதிரி முப்பது தரம் அளந்து, ஒவ்வொரு தரமும் தராசில் வைத்தாள் சார்மெயின். ஒரு டின் ஏறக்குறைய ஐந்நூற்றுப் பத்துக் கிராம். கூடினாலும் குறைந்தாலும் பத்துக் கிராமுக்கு மேல் போகவில்லை. டின்களைக் கிலோவாக மாற்றிப் பார்த்தபோது, பதினொரு பைகளும் மற்றப் போகங்களைப் போலவே வந்து உட்கார்ந்தன. தாளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து யன்னலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பிவந்து எல்லாவற்றையும் இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தாள்.

கனகசிங்கம் தாளை முழுதாக வாசித்தார்.

"நெல்லின்ர ஈரப்பதன் தெரியாது. அளந்ததும் நீர் இல்ல, அந்த மனிசி. பால்மா டின். சிரிப்பாங்க."

"ஆய்வுக் கணிப்பில சேர்க்கல்ல சேர். தனி வரிசையாப் போட்டு, எங்க, எதால அளந்தது எண்டு கீழ எழுதுறன்."

"எங்க எண்டா? முகாம் எண்டா?"

"ஓம் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைப் போடுறதெண்டா என்ர பெயரை எடுத்துவிடும். உம்மில கோபமில்ல. லீவுக் கடிதத்துக்குக் கையெழுத்து வெச்சுத் தாறன். பெயரை மட்டும் எடுத்துவிடும்."

நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்யவேண்டியவர் அவர்தான். சார்மெயின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா எடித் கேட்டபோது தலையிடி என்றாள். மூன்றாம் நாள் அவர் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சீதேவிப்பிள்ளை என்று போட்டாள். நிறுவனம் என்ற கட்டத்தில் 'விவசாயி, பழுகாமம்' என்று எழுதினாள். மாநாட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஆசிரியர்களுக்கும் அழைப்பு அனுப்பினார்கள்.

"எனக்கு இங்கிலீசும் தெரியா, சிங்களமும் தெரியா. நான் வந்து என்னத்தச் செய்யிற?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"போயிட்டு வா" என்றார் யோகராசா. "அண்டைக்கு என்னட்ட ஏச்சு வாங்கினதுக்கு, அங்க போய்ச் சொல்லிப்போட்டு வா."

மாநாட்டுக்கு முதல் நாள் விடியப்புறம் பஸ் ஏறினார்கள். வழியில் நான்கு சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றினார்கள். ஓரிடத்தில் இளம் சிப்பாய் ஒருவன் சீதேவிப்பிள்ளையின் பையைக் கிளறி, வெறும் பால்மா டின்னை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். சார்மெயினின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பெயர் இப்படி இருக்கிறதே, நீ சிங்களமா தமிழா என்று கேட்டான். பறங்கி என்றாள். அவனுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. டின் எதற்கு என்றான். நெல் அளக்க என்று சிங்களத்தில் சொன்னாள். கொழும்பிலா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வெள்ளவத்தையில் எடித்தின் தங்கை வீட்டில் தங்கி, வெளியூரார் பதியவேண்டும் என்பதால் பொலிசில் பதிந்துவிட்டு, மறுநாள் காலை மாநாடு நடந்த ஹோட்டலுக்குப் போனார்கள்.

மண்டபத்தில் குளிர் உறைத்தது. சீதேவிப்பிள்ளை சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். நெஞ்சில் குத்திய அட்டையில் அவள் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை 'சீதேவி' என்று இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சார்மெயின் முதல் எட்டு நிமிடமும் நுண்ணுயிரைப் பற்றியும் உப்பைப் பற்றியும் பேசினாள். அட்டவணை திரையில் வந்தது. இரண்டாவது வரிசையின் நிறம் வேறாக இருந்தது. "2007 மார்ச்சில் விவசாயிகள் கிராமத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இந்தப் பதினொரு வரவைகளின் விளைச்சலை எனது இணை ஆசிரியர் இடம்பெயர்ந்தோர் முகாமில் அளந்தார். நெல் பின்னர் உண்ணப்பட்டது. இந்த வரிசையை நான் கணிப்பில் சேர்க்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு மூன்றாவது வரிசைக்குப் போனாள். பின்னால் யாரோ கதிரையை இழுத்த சத்தம் கேட்டது.

முதலில் கையைத் தூக்கியவர் உயரமான ஐரோப்பியர், புள்ளிவிபரவியலாளர். மரியாதையாகத்தான் கேட்டார். கணிப்பில் சேர்க்காத இலக்கங்களை அட்டவணையில் வைத்திருப்பது ஏன்? முடிவு எப்படியும் மாறப்போவதில்லை. எடுத்துவிட்டால் கட்டுரை சுத்தமாக இருக்குமே.

"வெறுமையாக விட்டால் அந்த வருடம் ஒன்றும் விளையவில்லை என்றாகிவிடும்" என்றாள் சார்மெயின். "விளைந்தது. வெட்டினார்கள். அளந்தார்கள். எவ்வளவு நம்பலாம் என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கட்டும்."

அவர் தலையை அப்படியும் இப்படியும் அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவதாக எழுந்தவர் தெற்கில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த சிங்களப் பெண்மணி. தலை நரைத்தவர், பருத்திச் சேலை கட்டியிருந்தார். "எனது கேள்வி இரண்டாவது ஆசிரியருக்கு" என்றார். "டின்னைக் கும்பமாக அளந்தீர்களா, வழித்து அளந்தீர்களா?"

சார்மெயின் தமிழில் சொன்னதும் சீதேவிப்பிள்ளை எழுந்து நின்றாள். யாரோ ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அதை அவள் நெல் டின்னைப் போல இரண்டு கையாலும் பிடித்தாள்.

"வழிச்சுத்தான் அளந்தன். அகப்பைக் காம்பால. தட்டவும் இல்ல, தட்டினா நெல் கீழ இறங்கும், கணக்குப் பிழைக்கும்."

சார்மெயின் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டார்.

"அளக்குமுன் எத்தனை நாள் காய்ந்தது?"

"வயலில ரெண்டு நாள். பிறகு பையில எட்டு நாள். மழை படல்ல. பல்லில கடிச்சுப் பாத்தன், டக்கெண்டு உடைஞ்சிச்சு."

மொழிபெயர்ப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "எங்கள் விவசாயிகளும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஈரப்பதன் பதினான்கு வீதத்துக்குக் கிட்டவாக இருக்கும்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், சனம் ஏன் கிராமத்தை விட்டுப் போனது என்று கேட்கத் தொடங்கியது. தலைமை தாங்கியவர் மணிக்கூட்டைப் பார்த்து, நேரம் முடிந்தது என்றார்.

தேநீர் வேளையில் இரண்டு மூன்று பேர் அவர்களைக் காணாதவர்கள் போலக் கடந்து போனார்கள். புள்ளிவிபரவியலாளர் டின் நெல்லைத் தராசில் நிறுத்துப் பார்த்த முப்பது இலக்கங்களையும் கேட்டு வாங்கினார். இன்னும் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். நரைத்த தலைப் பெண்மணி சீதேவிப்பிள்ளையைத் தேடி வந்தார். அவர் பக்கத்துக் கரையோர வயல்களிலும் சுனாமி உப்பு விட்டுப்போயிருந்தது. விதையை எத்தனை மணித்தியாலம் ஊறவைப்பது, முதல் தண்ணீர் எப்போது விடுவது, மாட்டெருவும் சேர்த்துப் போடலாமா, களை எப்படி என்று அரை மணித்தியாலம் பேசினார்கள். சார்மெயின் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். அவளுடைய தேநீர் குடிக்காமலே ஆறிவிட்டது. மார்ச்சில் என்ன நடந்தது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. போகும்போது மட்டும் "பிள்ளைகள் சுகமா?" என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

"அந்த வெள்ளைக்காரர் சொன்னதிலயும் ஞாயம் இரிக்குத்தானே மிஸ்? நான் பொய் சொல்லியிருந்தா ஆருக்குத் தெரியும்?"

"ஓம் அக்கா. ஞாயம் இரிக்கு."

"அப்ப அடுத்த முறை தராசை என்னட்டயே தந்திட்டுப் போங்க. நீங்க வரக் கிடைக்காட்டியும் நான் நிறுப்பன்."

மாநாட்டு மலர் தொகுப்பாளர் நவம்பரில் எழுதினார். அட்டவணை அப்படியே இருக்கலாம். முகாம் என்ற சொல் மட்டும் பொருத்தமில்லை, 'வயலுக்கு வெளியே அளக்கப்பட்டது' என்று மாற்றமுடியுமா? சார்மெயின் இரண்டு கிழமை பதில் போடவில்லை. மூன்றாம் கிழமை சரி என்று எழுதினாள். அது சரியா பிழையா என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. கனகசிங்கம் மலரை வாங்கிப் பார்த்து, அந்த வரியில் விரலை வைத்தார். "அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லியிருக்காங்கள் என்ன?" என்று கேட்டார். நியமனத்துக்கான சிபாரிசுக் கடிதத்தை அந்தக் கிழமையே எழுதி அனுப்பினார். 

இதற்கெல்லாம் முன்னர், மாநாட்டுக்குப் போய்வந்த அந்த ஒக்டோபரிலேயே அடுத்த போகத்துக்கு விதைப்பு வந்தது. சார்மெயின் புதுத் தராசொன்றோடும் வரவைகளின் வரைபடத்தோடும் பழுகாமம் போனாள். சீதேவிப்பிள்ளை வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"கஞ்சியும் மாட்டெருவும் சேத்துப் போட்டா என்னண்டு நீங்க ஒரு நாளும் பாக்கல்லையே மிஸ். அந்தச் சிங்கள அம்மாவும் அதைத்தானே கேட்டவ."

"அப்பிடிப் பாக்கிறதெண்டா இன்னும் ஆறு வரவை வேணும் அக்கா. இவர் சும்மா இருப்பாரா?"

யோகராசா மண்வெட்டியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கத்தால கட்டுற எண்டு மட்டும் சொல்லுங்க" என்றார்.

பின்னேரத்துக்குள் கயிறு பிடித்து அளந்து, பதினெட்டு வரவைகளுக்கும் வரம்பு போட்டு முடித்தார்கள்.